ஆடு தொடாத தோட்டம்

உசிலம்பட்டி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து என் இடுப்பெலும்பு முறிந்தது. அதன் பிறகு குனிய முடியாது, வேகமாக நடக்க முடியாது, கைத்தடி இல்லாமல் நடக்கவே முடியாது. டீச்சர் வேலையை விட்டேன். திருநகர் வீட்டில் சும்மா இருந்த எனக்கு, பொழுது போகட்டும் என்று என் வீட்டுக்காரர் ரோஜாவும் கனகாம்பரமும் வாங்கிவந்து வாசல் பக்கம் நட்டார். வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு, ரப்பர் டியூபால் தண்ணீர் விடுவேன். களை எடுப்பது அவர் பொறுப்பு. களை நன்றாக வளர்ந்தது.

ஒருநாள் பின்தெரு அக்காவின் ஆடு திறந்திருந்த கேட் வழியாக உள்ளே வந்தது. நான் எழுந்து தடியை எடுப்பதற்குள் கனகாம்பரம் முடிந்துவிட்டது. டியூபைத் திருப்பித் தண்ணீரை அடித்தேன். கொஞ்சம் தள்ளி நின்று ரோஜாவைத் தின்றது.

அக்கா தேடிக்கொண்டு வந்தார். "டீச்சர், நம்ம ஆடு இங்கிட்டு வந்துச்சா?"

"வந்திருக்கு. சாப்பிட்டுக்கிட்டிருக்கு."

அவருக்கு முகம் வாடிவிட்டது. சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து பார்த்தார்.

"அம்புட்டும் போச்சா?"

"நித்தியகல்யாணி இருக்கு. கத்தாழையும் இருக்கு."

அவை நாங்கள் நட்டவை அல்ல. சுவரோரம் தானாக வந்தவை. எனக்கு அழுகை வரவில்லை, ஆனால் இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அக்கா ஆடாதொடைக் குச்சிகளும் நொச்சிக் குச்சிகளும் கொண்டுவந்தார். "இதுகளை எந்த ஆடும் தொடாது டீச்சர். தண்ணிகூட ரொம்பக் கேக்காது" என்று சொல்லி அவரே குழி தோண்டி ஊன்றினார். துவைக்கிற கல்லிலிருந்து தண்ணீர் அங்கே ஓடிவர ஒரு வாய்க்காலும் வெட்டினார். டியூபுக்கு வேலை குறைந்தது.

ஒரு மழைக்குப் பிறகு எல்லாம் தழைத்தன. நித்தியகல்யாணி யாரையும் கேட்காமல் பூத்தது. இருமல், சளி என்று அக்கம்பக்கத்தார் ஆடாதொடை, நொச்சி இலை கேட்டு வர ஆரம்பித்தார்கள். நான் உட்கார்ந்தபடியே, எந்தக் கிளை அதிகம் வளர்ந்திருக்கிறதோ அதைத் தடியால் காட்டுவேன். ஒடித்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போவார்கள். செடியை வெட்டிவிட ஆள் தேடவேண்டியிருக்கவில்லை.

"தோட்டத்துல நீ என்னதான் செய்றே?" என்று வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டார்.

"பாத்துக்கிட்டிருக்கேன்" என்றேன்.

அவரும் உள்ளே போய் ஒரு நாற்காலி எடுத்துவந்தார்.