மோரில் வந்த மயில்

"இந்த டிசைன் போட்டவரு பெரிய குடிகாரரும்மா. போதையிலதான் இந்த மாதிரி கற்பனை வருமாம்" என்றார் காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைக்காரர், முந்தானை மயிலை விரித்தபடி. போட்டவர் என் அப்பா. பேரைச் சொல்லத் தெரியாத கடைக்கு அவர் குடி மட்டும் தெரிந்திருக்கிறது.

நான் ஏழாவது படித்தபோது அப்பாவுக்கு மஞ்சள் காமாலை. நான்கு மாதம் குடிக்கவில்லை. காலையில் அம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கித் தருவாள். அந்தப் பச்சை வாடைக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கிவிட்டு, புடவை டிசைனுக்கான கிராஃப் தாளில் சிவப்புப் பென்சிலால் கட்டம் கட்டமாக நிரப்புவார். கை நடுங்கவில்லை. அந்த மயிலின் கழுத்து அப்படித்தான் வளைந்தது.

டிசைனை வாங்க வந்த தறி முதலாளி தாளை வெகுநேரம் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார்.

"குடிக்காமயே இப்டி வருதுன்னா, குடிச்சா எப்டி வரும்பா!"

அப்பா பெருமையாகச் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் நிரப்பிய ஒரு கட்டமும் கோட்டுக்குள் நிற்கவில்லை. அடுத்த ஆடிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"அவரு எங்கப்பாங்க. இத கீழாநெல்லி மோரு குடிச்சிக்கினு போட்டாரு" என்றேன்.

கடைக்காரர் புடவையை மடித்தார்.

"இருக்கட்டும்மா. அத சொன்னா யாரு வாங்குவாங்க?"