அரசமரத்தடிப் படங்கள்

எங்கள் அப்பாவுக்கு ஸ்ரீரங்கத்தில், ராஜகோபுரத்துக்குப் பக்கத்துச் சந்தில், படங்களுக்குக் கண்ணாடியும் சட்டமும் போடும் கடை. அங்கே விற்ற பெருமாள் ஏழெட்டு வருடம் யார் வீட்டுச் சுவரிலாவது இருந்து, கண்ணாடி உடைந்து, ஒருநாள் அத்தையின் ஒயர்கூடையில் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிடுவார். அப்பா தலையில் அடித்துக்கொள்வார். அடித்துக்கொண்டே, சட்டம் தான் போட்டதுதானா என்று திருப்பியும் பார்ப்பார்.

உடைந்த சாமி படத்தை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, குப்பையிலும் போடக் கூடாது. அதனால் எங்கள் ஊரில் அதை அம்மா மண்டபம் படித்துறைப் பக்கம் அரசமரத்தடியில் சாய்த்து வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அத்தை தினமும் காவேரியில் குளித்துவிட்டு அந்த மரத்தடிக்குத்தான் போவாள். மழையில் ஊறாத படமாகப் பார்த்து எடுத்து வந்து, துடைத்து, கொல்லைப்பக்கத்துத் தன் அறையில் மாட்டுவாள். அவள் தாத்தாவின் மூத்த தாரத்து மகள். அப்பாவும் சித்தப்பாவும் அக்கா என்று கூப்பிட்டாலும் அவர்களுக்கு அம்மா வயது. புருஷன் போனபின் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். அந்த அறையில் ஒரு டிரங்குப் பெட்டியும் பாயும் தவிர மற்றதெல்லாம் படங்கள்.

சாமிகள் மட்டும் என்றால் வீட்டில் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். மரத்தடியில் மனிதர்களும் இருந்தார்கள். வெளிநாடு போன பிள்ளைகள் வீட்டை விற்க வரும்போது, பொட்டு வைத்து மாலை போட்டிருந்த அப்பா அம்மாவை எந்தப் பெட்டியில் வைப்பது என்று தெரியாமல், சாமியோடு சாமியாக அங்கே விட்டுவிட்டுப் போனார்கள். அத்தை அவர்களையும் விடவில்லை. தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர், மூக்குத்திக் கிழவி ஒருத்தி, போலீஸ் உடுப்பில் ஒரு வாலிபன். அமாவாசைக்கு எல்லாருக்கும் பொதுவாக ஒரு அகல் ஏற்றுவாள். "இவங்கல்லாம் யாரு அத்தை?" என்று கேட்டால், "யாரோ பெத்த பிள்ளைங்கதான்" என்பாள்.

ஒரே ஒரு படத்துக்கு மட்டும் வேறு பதில். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மூன்று வயதுப் பெண்குழந்தை. "இது நம்ம பொண்ணுடி" என்பாள். எனக்கு ஒரு அக்கா இருந்தாள் என்று ஸ்கூலில் நான் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். அத்தைக்கு ஒரு பெண் பிறந்து மூன்று வயதில் காமாலையில் போனதும், அவளை ஒரு படம் எடுத்துவைக்க யாருக்கும் தோன்றாததும் நான் பெரியவளான பிறகுதான் தெரியும். மரத்தடியில் கிடைத்த ஊர்பேர் தெரியாத குழந்தையைத்தான் அவள் தன் பெண்ணாக வைத்திருந்தாள்.

எனக்கு ஒன்பது வயதான கோடையில் சித்திக்கு ஏழாம் மாதம். ஏற்கெனவே ஒன்று தங்கவில்லை. இதுவும் ஆஸ்பத்திரியில் உயிரில்லாமல் பிறந்தது. அப்படிப் பிறந்ததைத் தாய்க்குக் காட்டக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். பார்த்துவிட்டால் மனசு ஆறாதாம். சித்தப்பா துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு நேரே சுடுகாட்டுக்குப் போய்ப் புதைத்துவிட்டு வந்தார். பெண்குழந்தை என்று மட்டும் சித்தியிடம் சொன்னார்கள்.

துக்கம் வந்தால் கூடவே ஒரு குற்றவாளியும் வேண்டுமே. சித்தியின் அம்மா கண்டுபிடித்துவிட்டார். "கண்டவங்க எழவுப் படத்தையெல்லாம் மாட்டி வச்சிருக்கற வீட்ல கொழந்த எப்படிங்க தங்கும்? அதெல்லாம் போனாத்தான் எம்பொண்ண அனுப்புவேன்" என்றார். அப்பா தலையாட்டினார். அதே மாதிரிப் படங்களுக்குச் சட்டம் போட்டுத்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. அதை யாரும் அவருக்கு நினைவுபடுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா அத்தையையும் என்னையும் சமயபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தன்னை ஒருவர் கோயிலுக்குக் கூப்பிட்டதில் அத்தைக்கு அவ்வளவு சந்தோஷம். பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு விட்டுக்கொடுக்கவில்லை. திரும்பி வந்தபோது அறைச் சுவரில் ஆணிகள் மட்டும் இருந்தன. படங்களை லோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். அத்தை கத்தி அழுவாள் என்று எல்லாரும் தயாராக நின்றார்கள்.

"எங்கப்பா விட்டீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"கொள்ளிடத்துலக்கா. ஆத்துல விட்டா தோஷமில்லன்னாங்க" என்றார் அப்பா.

"கொள்ளிடத்துல இப்ப ஏது தண்ணி?"

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை அத்தையோடு நானும் போனேன். பாலத்துக்குக் கீழே மணலில் குவியலாகக் கிடந்தன. நல்ல சட்டங்களை யாரோ பிரித்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். வெறும் படங்கள் வெயிலில் சுருண்டிருந்தன. ஒரு மாடு தலைப்பாகைப் பெரியவரை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தையின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. கண்ணாடித் துண்டுகள் கிழிக்கக் கிழிக்க அவள் குவியலைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அந்தப் பெண்குழந்தையின் படம் கிடைத்தது. மணலைத் தட்டி முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

"மத்தவங்கல்லாம் வேணாமா அத்தை?"

"எந்தச் சொவத்துலடி மாட்டறது?" என்றாள்.

வீட்டுக்கு வந்தால், கூடத்தில் சித்தி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அப்போதுதான் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அவளிடம் பேச எல்லாருக்கும் பயம். எங்கள் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பியவள் அத்தையின் முந்தானையைப் பார்த்துவிட்டாள்.

"என்னங்கண்ணி அது?"

அம்மா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். அத்தை அதைக் கவனிக்காமல் படத்தை எடுத்து நீட்டினாள். சித்தி எழுந்து உட்கார்ந்து வாங்கிக்கொண்டாள்.

"யாரு இது?"

"தெரியலம்மா" என்றாள் அத்தை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சித்தி வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "எனக்குக் காட்டவே இல்லங்கண்ணி. மூக்கு எப்படி, காது எப்படி, ஒண்ணும் தெரியாது" என்றாள். சித்தப்பா எழுந்து வாசலுக்குப் போனார்.

"நீயே வச்சுக்கம்மா" என்று சொல்லிவிட்டு அத்தை கொல்லைப்பக்கம் நடந்தாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். "நம்ம பொண்ணுன்னு சொன்னீங்கல்ல, ஏன் குடுத்தீங்க?" என்றேன்.

அவள் கிழிந்த கையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "எனக்கு மொகம் ஞாபகம் இருக்குடி. அவளுக்கு நெனச்சு அழ ஒரு மொகம் வேணுமில்ல."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பா பயந்தார், சித்தப்பா பயந்தார், கடைசியில் அத்தையும் பயந்துபோய் என் அக்காவைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அன்று சாயங்காலம் அவள் எனக்குச் சோறு பிசைந்து தர வந்தபோது, தட்டை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்தேன்.