இதுன்னா எது, சார்?

என் மேசையில் மரப்பிடி போட்ட ஒரு சின்ன ஊசி இருக்கிறது. பிரெயில் எழுதும் ஊசி. தில்லி துவாரகாவில் இருக்கும் என் வீட்டுக்கு வருபவர்கள் எடுத்துப் பார்த்து, எதற்கு என்பார்கள். என் திமிரைக் குத்தியது என்பேன்.

தொண்ணூறுகளில் தில்லியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். ஒன்பதாம் வகுப்பில் சேர்க்க, பார்வையில்லாத மகளைக் கூட்டிவந்தார் ஒரு அம்மா. முனிர்காவில் வீட்டு வேலை செய்பவர். பார்வையற்றோர் பள்ளியில் எட்டாவதோடு கணக்கை நிறுத்திவிட்டு இசை எடுக்கச் சொன்னார்களாம். "அங்க நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க சார். ஆனா இவ பாட்டு வேணாம், கணக்குதான் வேணுங்குறா" என்றார். முதல்வர் யோசித்து, "அச்சா, அரைப்பரீட்சை வரைக்கும் பாப்போம். கணக்குல பெயிலானா பழைய பள்ளிக்கூடந்தான்" என்றார். அதுவரைதானே இந்தத் தொல்லை என்று எனக்கு உள்ளூர நிம்மதி. இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

முதல் பெஞ்சில் உட்கார்ந்து கெட்டித்தாளில் டக் டக் என்று புள்ளி குத்துவாள். அந்தச் சத்தம் எனக்கு ஆகவே ஆகாது. மூன்றாம் நாள், கரும்பலகையைத் தட்டி, "இதையும் இதையும் கூட்டினா இது" என்றேன். டக் டக் நின்றது. அவள் எழுந்தாள்.

"இதுன்னா எது, சார்?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு, "ரெண்டு எக்ஸையும் மூணு எக்ஸையும் கூட்டினா..." என்று வாயால் சொல்லும்போதுதான் கண்ணில் பட்டது. ஆறு எக்ஸ் என்று எழுதி வைத்திருக்கிறேன்! கண்ணுள்ள நாற்பது பேரும் அதை அப்படியே நோட்டில் இறக்கியிருந்தார்கள்.

அன்றிலிருந்து வாய்விட்டுச் சொல்லாமல் நான் ஒரு வரி எழுதியதில்லை. கடைசி பெஞ்சுத் தூங்குமூஞ்சிகள்கூடக் கேள்வி கேட்டார்கள். டக் டக் நின்றால் எனக்குப் பக்கென்றிருக்கும், எதையோ விட்டுவிட்டேன் என்று.

அரைப்பரீட்சை முதல்வர் அறையில், அவர் கண்ணெதிரே நடந்தது. அவள் சொல்லச் சொல்ல ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுதினாள். நான் வராந்தாவில் நடையாய் நடந்தேன். தொண்ணூற்றொன்று! வகுப்பில் முதல். முதல்வர் நம்பாமல் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், ஒளிப்பானேன்?

பள்ளிப் படிப்பு முடிந்து போகும்போது ஊசியை என் கையில் வைத்து, "உங்களுக்குப் பிடிக்காத சத்தமாச்சே, வச்சுக்கோங்க சார்" என்று சிரித்தாள்.

இப்போது அவளே கணக்கு டீச்சர். போன மாதம் ஊசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவள் வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பலகைக்கு வந்த ஒரு மாணவி, "இதையும் இதையும்" என்று இந்தியில் ஆரம்பித்தாள். டீச்சர் வாய் திறக்குமுன் வகுப்பே சேர்ந்து கத்தியது, இது என்றால் எது என்று. நானும் சேர்ந்து கத்தினேன்.