ஆணியில் மாட்டிய மஞ்சள் கோட்

நேற்றுக் காலை காட்டுப்பள்ளிக்குப் போகும் ஷேர் ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தபோது போனில் ஒரு படம் வந்தது. என் சித்தி மகள் ரேவதி அனுப்பியது. நார்வே நாட்டில் பெர்கன் என்கிற ஊரில், கடலுக்குள் நீண்டிருக்கும் ஒரு மரப்பாலத்தின் ஓரத்தில் நிற்கிறாள். கையில் தூண்டில், தூண்டில் நுனியில் ஒரு மீன், முகத்தில் பல்லெல்லாம் தெரிகிற சிரிப்பு. எல்லாம் சரிதான். ஆனால் அவள் போட்டிருந்தது என்னுடைய மஞ்சள் மழைக்கோட்.

படத்தைப் பெரிதாக்கி, இடது முழங்கையில் கிழிசல் மேல் நான் ஒட்டிய டேப் இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. இதையே ‘மனசு என்னவோ போல் ஆகிவிட்டது’ என்று நாசூக்காகச் சொல்லலாம், ஆனால் உங்களிடம் என்ன நாசூக்கு. பொறாமைதான். ஆட்டோ வந்தது, ஏறினேன், பக்கத்தில் உட்கார்ந்த யாரோ ஒரு அம்மாவின் நண்டுக் கூடை என் காலை நனைத்தது, அதற்கும் ரேவதி மேல்தான் கோபம் வந்தது.

சாயந்திரம் வீட்டில் அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது.

“இன்னா ஜோரா கீறா பாரு. மஞ்ச கலரு அவளுக்கு எடுப்பா கீது.”

“அது என்னுது.”

“எதுடி?”

“கோட்டு.”

“தங்கச்சிதானே போட்டுனு கீறா. வேற யாரு போட்டுனு கீறாங்க?” என்று சொல்லிவிட்டுக் கருவாட்டைத் திருப்பிப் போடப் போய்விட்டாள்.

பெர்கனில் ஓயாமல் மழை பெய்யும். நான் அங்கே படிக்கப் போன புதிதில், பொன்னேரியில் வாங்கிய குடையைப் பெருமையாக விரித்தேன். முதல் தெருமுனையிலேயே காற்று அதைப் பிடுங்கி உள்வெளியாகப் புரட்டிவிட்டது. எங்கள் மீனவக் குப்பத்து ஏரியில் எத்தனையோ காற்றைப் பார்த்தவள், அந்தக் காற்றிடம் தோற்றேன். குப்பைத்தொட்டியில் போடப் போனால் அதில் ஏற்கெனவே ஒடிந்த குடைகள் நிறையக் கிடந்தன. அந்த ஊர்க்காரர்கள் குடையை நம்பாமல் கோட்டைப் போட்டுக்கொண்டு, மழையே பெய்யாதது மாதிரி நடந்து போனார்கள். நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா மலர் அன்ரிதான் ஒரு பழைய துணிக்கடைக்குக் கூட்டிப்போய் இந்த மஞ்சள் கோட்டை எடுத்துக் கொடுத்தார். எனக்கு ஒரு அளவு பெரியது. “உள்ளுக்கு ஸ்வெட்டர் போடுவீர்தானே பிள்ளை, காணும்” என்றார். ‘காணும்’ என்றால் அவர்கள் பேச்சில் ‘போதும்’ என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மலர் அன்ரி யாழ்ப்பாணத்துக்காரர். சின்ன வயதிலேயே நார்வேக்கு வந்து, மீன் தொழிற்சாலையில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனி ஆள். மாடியில் சாய்வான கூரைக்குக் கீழே இருந்த சின்ன அறையை எனக்கு வாடகைக்குத் தந்தார். கட்டிலில் இருந்து சட்டென்று எழுந்தால் தலை இடிக்கும். இடித்து இடித்து எனக்குப் பழகிப்போய், கடைசி மாதங்களில் தூக்கக் கலக்கத்தில்கூடக் குனிந்தே எழுந்தேன். அந்த அறையில் இப்போது ரேவதி. அவள் என்னைவிட உயரம். நன்றாக இடிக்கட்டும்.

கோட்டின் வலது பாக்கெட்டில் ஒரு ஈயக்குண்டு இருக்கும். நைனாவின், அதாவது என் அப்பாவின், பழைய வீச்சு வலையில் இருந்து, ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் நான் கழற்றி எடுத்தது. “வலைய எதுக்குடி கெடுக்கற?” என்று நைனா கேட்டார், ஆனால் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. விமான நிலையத்துச் சோதனையில் அதை எடுத்து வைத்துக்கொண்டு “இது இன்னாம்மா?” என்று கேட்டார்கள். வலை தண்ணிக்குள்ளே போறதுக்குக் கட்டறது சார் என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டார்கள். பெர்கனில் குளிரில் நடக்கும்போது பாக்கெட்டுக்குள் அதை உருட்டிக்கொண்டே இருப்பேன், சில பேர் நகம் கடிக்கிறார்கள் இல்லையா, அந்த மாதிரி ஒரு பழக்கம்.

இங்கே பாடு பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஏரியில் இறால் வலை கட்டும் இடங்களில் யார் வேண்டுமானாலும் போய் வலை கட்ட முடியாது. இன்றைக்கு இந்த இடம் இன்னாருக்கு என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. நம்முடைய பாடு வரும் நாளில் அந்த இடம் நம்முடையது, வேறு யாரும் அங்கே கழி ஊன்ற மாட்டார்கள். ஆண்களுக்குத்தான் பாடு. அப்பாவுக்குப் பிறகு மகனுக்கு வரும். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது, அதனால் எங்கள் வீட்டுப் பாடு நைனாவோடு சரி.

சீட்டுப் போடும் இடத்துக்குப் பெண்கள் போவதில்லை. சின்ன வயதில் நானும் ரேவதியும் கோயில் மதில் பக்கத்தில் நின்று, நைனாவுக்கு எந்த இடம் விழுகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்போம். நல்ல இடம் விழுந்தால் ஒருத்தியை ஒருத்தி கிள்ளிக்கொள்வோம். வீட்டுக்கு வந்து எங்களுக்குள் சிப்பியை வைத்துச் சீட்டுப் போட்டு, முற்றத்தையே ஏரியாக்கி, இடம் பிரித்து விளையாடுவோம். எப்போதும் அவளுக்குத்தான் முகத்துவாரத்துப் பக்கம் விழும். எனக்குச் சாக்கடை ஓரம். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

பெர்கன் போன முதல் கோடையில், அந்த மரப்பாலத்தை நானாகத்தான் கண்டுபிடித்தேன். வகுப்பு முடிந்து டிராமில் வராமல் கரையோரமாக நடந்து வந்தபோது, பத்துப் பதினைந்து பேர் வரிசையாக நின்று தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் கானாங்கெளுத்திக்குச் சொந்தக்கார மீன் ஒன்று, முதுகில் கோலம் போட்ட மாதிரி கோடுகளோடு, கூட்டம் கூட்டமாக வரும் காலம் அது. மறுநாள் கூடப் படித்த ஒருத்தியிடம் தூண்டில் இரவல் வாங்கிக்கொண்டு போனேன். போய்ப் பாலத்தின் பின்பக்கம் நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். வரிசையில் நடுவில் இடம் இருந்தது. ஆனால் யாரிடம் கேட்டு நிற்பது? யாருக்கு இன்றைக்கு அந்த இடம்? நாம் பாட்டுக்குப் போய் நின்று, அந்த இடத்துக்காரர் வந்து சண்டை போட்டால்?

கடைசியில் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஒரு கையால் தூண்டில் பிடித்திருந்த ஒரு பெண்ணிடம் போய், “இன்றைக்கு இந்த இடம் யாருடைய முறை?” என்று இங்கிலீஷில் கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. திருப்பிக் கேட்டேன். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தாள், அவரும் தோளைக் குலுக்கினார். பிறகு அவள் தள்ளுவண்டியைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, “இங்கே நில்” என்றாள். அவ்வளவுதான். சீட்டு இல்லை, கூட்டம் இல்லை. நான் என் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தண்ணீருக்கு முன்னால் எனக்கென்று ஒரு இடத்தில் நின்றேன்.

ஒரே கயிற்றில் வரிசையாக முள் கட்டியிருந்ததால் இழுக்கும்போது மூன்று மீன் ஒன்றாக வந்தது. பையில் போட்டுக்கொண்டு மழையில் ஓடினேன். மலர் அன்ரி மீனைத் தொட்டியில் கொட்டிவிட்டு நிமிர்ந்தவர் என் முகத்தைப் பார்த்தார்.

“ஏன் பிள்ளை அழுறீர்?”

“எங்க ஊர்ல பொம்பளைங்களுக்குப் பாடு கெடியாது அன்ரி.”

பாடு என்றால் என்ன என்று விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரி, இஞ்ச உமக்கு இருக்குத்தானே. கத்தியை எடும்” என்றார். தேங்காய்ப்பால் விட்டுக் குழம்பு வைத்தார். மாங்காய் போட்டுப் புளி கரைத்து வைக்கிற குழம்புதான் குழம்பு என்பது என் கட்சி. அன்றைக்கு அந்தக் கட்சியை விட்டுக் கொடுத்து மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்தக் கோடையும் அடுத்த கோடையும் நான் அந்த இடத்தை விடவில்லை. தள்ளுவண்டிக் குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டது. அதற்குள் என் படிப்பு முடிந்துவிட்டது. ஆராய்ச்சிக்கு இடம் அநேகமாகக் கிடைக்கும், அடுத்த வருடம் வரலாம் என்று பேராசிரியர் சொன்னார். விசா தீர்வதற்குள் ஊருக்குக் கிளம்ப வேண்டியிருந்தது.

ஏரியில் ஒரு இடம் நம்முடையது என்று காட்ட, கழி ஊன்றி அதில் ஒரு துணியைக் கட்டிவிட்டு வருவார்கள். ஆள் இல்லாவிட்டாலும் துணி ஆடிக்கொண்டிருக்கும், அதைப் பார்த்து மற்றவர்கள் படகைத் திருப்பிக்கொள்வார்கள். கடைசி நாள் காலை நான் மஞ்சள் கோட்டை மாடி அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினேன். பாக்கெட்டில் ஈயக்குண்டு அப்படியே இருந்தது. எடுக்கவில்லை, மறந்தும் விடவில்லை. “கோட் இஞ்சயே இருக்கட்டும். வாற வருஷம் வந்து போடும்” என்றார் அன்ரி. டிராம் நிறுத்தம் வரைக்கும் கோட் இல்லாமல் நனைந்துகொண்டே போனேன். ஊரைச் சுற்றி நிற்கும் மலைகள் ஒன்றுகூட மேகத்தை விட்டு வெளியே வரவில்லை. என்னை வழியனுப்ப வராதது மாதிரி எனக்குக் கோபமாக இருந்தது.

ஆராய்ச்சி இடம் வேறு யாருக்கோ போனது. அடுத்த வருடமும் அப்படியே போனது. எனக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஆபீசில், தண்ணீரைக் குப்பியில் பிடித்து உப்பும் சேறும் அளக்கும் வேலை கிடைத்தது. ஏரியைக் கெடுக்கிறது என்று துறைமுகத்தின் மேல் கொதிக்கிற குப்பத்தில் அதை நான் சத்தம் போட்டுச் சொல்வதில்லை, நைனாவும் கேட்பதில்லை. நான் பெர்கனில் படித்த அதே படிப்புக்கு இந்த வருடம் ரேவதிக்கு உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுத்ததே நான்தான். அக்கா என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும். மலர் அன்ரி நம்பர் கொடுத்தேன். கறிவேப்பிலை எந்தக் கடையில் கிடைக்கும், கூரையில் தலை எங்கே இடிக்கும், எல்லாம் சொன்னேன். அனுப்பம்பட்டு ஸ்டேஷன் வரைக்கும் போய் ரயிலேற்றிவிட்டு, ஜன்னலில் தெரிந்த அவளுக்குக் கையாட்டினேன். மரப்பாலத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. அது ஒன்றாவது என்னிடம் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் அவளே வீடியோவில் கூப்பிட்டாள். பின்னால் சாய்வான கூரை தெரிந்தது.

“அந்தப் பாலம் உனுக்கு எப்பிடித் தெரியும்?” என்றேன். ‘நல்லா கீறியா’ என்று முதலில் கேட்டிருக்கலாம், நாக்கு முந்திக்கொண்டது.

“சும்மா நடந்துனு போனேங்க்கா. எல்லாரும் மீன் புட்ச்சினு இருந்தாங்க. எனுக்கு யாராண்ட போயி பாடு கேக்கறதுன்னே தெரியல. பின்னாலயே நின்னுனு இருந்தேன். அப்பறம் ஒருத்தர் தள்ளி நின்னு எடம் குட்த்தாரு.”

உலகத்தில் நான் ஒருத்திதான் செய்திருப்பேன் என்று நினைத்த முட்டாள்தனம் அது. அதையும் எடுத்துக்கொண்டாள்.

“அக்கா, கோட்டு உன்னுதாமே. மழைன்னு அன்ரிதான் எடுத்துக் குட்த்தாங்க. நான் வேற வாங்கிக்கறேன். இத்த ஆணிலயே மாட்டிடவா? நீ வருவ இல்ல?”

அவள் நிஜமாகத்தான் கேட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. போன் திரையின் ஓரத்தில் என் முகமும் தெரிந்தது, பின்னால் அம்மா கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போவதும் தெரிந்தது. ஏரியில் கழியில் கட்டிய துணிகூடச் சும்மா ஆடிக்கொண்டிருக்க முடியாது, ஆள் வராமலே போனால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

“போட்டுக்க,” என்றேன். “முழங்கைல டேப்பு வுட்டுப் போனா வேற ஒட்டு.”

“அப்பறங்க்கா, திட்டாத. பாக்கெட்ல ஒரு ஈயக்குண்டு இருந்துச்சி. எங்கிட்ட எடை எதுவும் இல்ல, அத்தத்தான் தூண்டில்ல கட்டினேன். மூணு தபா போட்டேன். நாலாவது தபா தூண்டில் நரம்பு அறுந்து உள்ள பூட்ச்சி.”

“பாலத்துக்கு எந்தப் பக்கம்?”

“நடுவுலக்கா. கைப்புடி கம்பில பச்சை பெயின்ட் உரிஞ்சி கீதே, அங்க.”

என் இடம்தான். பச்சைப் பெயின்டைச் சுரண்டியதே நான்தான், மீன் வராத நாட்களில்.

“போவட்டும் வுடு,” என்று சொல்லி போனை வைத்தேன்.

அறை அவளுடையதாகிவிட்டது. அன்ரியின் ‘பிள்ளை’ இப்போது அவள்தான். கோட்டில் இந்நேரம் அவள் தலைக்குத் தேய்க்கும் தேங்காயெண்ணெய் வாசம் ஏறியிருக்கும். நைனாவின் வலையில் இருந்து வந்த அந்தச் சின்ன ஈயக்குண்டு மட்டும் பெர்கன் துறைமுகத்தின் அடியில், நான் நின்ற இடத்துக்கு நேர் கீழே கிடக்கிறது. இனி யாரும் அதைக் கிளப்ப முடியாது, அதற்கு விசாவும் தீராது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இப்போது எனக்கு அதன் மேல்தான் பொறாமை.