சாடிக்குள் பொங்கிய பேரீச்சம்பழம்

என்னைக் குடிகாரி என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் வாய் வராது. ஆனால் தலைப்பிள்ளை வயிற்றில் இருந்தபோது நான் நாள் தவறாமல் குடித்திருக்கிறேன். அதுவும் என் உம்மாவின் கையால் வாங்கி, பிஸ்மி சொல்லி.

கிழக்கிலங்கையில் கல்முனைப் பக்கத்து முஸ்லிம்களான எங்கள் ஆட்களிடையே கலியாணம் முடித்தாலும் பெண் தாய்வீட்டில்தான் இருப்பாள். மாப்பிள்ளைதான் வந்து சேருவார். ஆகவே பிள்ளைத்தாச்சியின் சாப்பாட்டுக்கு உம்மாதான் முழு அதிகாரி. எனக்கோ சோறு கொதிக்கும் வாசம் பட்டாலே குமட்டிக்கொண்டு சத்தி வரும். அந்த நேரம் பார்த்து, ஹஜ்ஜுக்குப் போய்வந்த சொந்தக்காரர் ஒருவர் ஒரு பெட்டி பேரீச்சம்பழம் தந்தார். மர்யம் நாயகி பிள்ளை பெற்றபோது தின்ற பழம், இதைவிட மருந்து உண்டா என்று உம்மா பிடித்துக்கொண்டார். பழத்தை நசுக்கி, பனங்கட்டி போட்டு, தண்ணீர் ஊற்றி, சாடியின் வாயைச் சீலையால் கட்டி, சூடு பிடிக்கட்டும் என்று நெல்மூட்டைகளுக்கு நடுவில் வைத்தார். குறையக் குறையப் புதிதாகச் சேர்த்தாரே தவிர, சாடியை ஒரு நாளும் கழுவவில்லை.

சில நாளில் அது நுரைத்துப் பொங்கியது. பறக்கத்துப் பொங்குது, அல்லாஹ்வின் அருள் என்று உம்மா பூரித்துப் போனார். குடித்தால் தொண்டை சுள்ளென்று காந்தும். பிறகு முகம் சூடாகும், சத்தி நிற்கும், சும்மா சும்மா சிரிப்பு வரும், அடித்துப் போட்டதுபோல் தூக்கம் வரும். முகம் நல்லாத் தெளிந்திருக்கிறது என்று என் புருஷனும் சொன்னார். எங்கள் வீட்டில் சாராயத்தைக் கண்டவரும் இல்லை, மணந்து பார்த்தவரும் இல்லை. யாருக்கு என்ன தெரியும்?

என்னோடு படித்த தமிழ்ச் சிநேகிதி ஒருத்தி என்னைப் பார்க்க வந்தாள். மீன்பிடிக்கிற குடும்பம். பக்கத்தில் உட்கார்ந்து கதைத்துக்கொண்டிருந்தவள் சட்டென்று முகத்தைப் பின்னால் இழுத்தாள். உம்மா அடுப்படிக்குப் போகும்வரை பொறுத்திருந்து, மெல்லக் கேட்டாள்.

"என்ன குடிச்ச நீ? எங்கட அப்பா குடிச்சிட்டு வந்தா மணக்கிற மணம், உன்ர வாயில வருது."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. உளறாதே, பேய்க்கதை கதைக்காதே என்று சாடியைக் கொண்டுவந்து காட்டினேன். அவள் மூடியிருந்த சீலையை விலக்கி மணந்து பார்த்துவிட்டு என் வயிற்றைப் பார்த்தாள். 

டொக்டரிடம் போனேன். பழம் புளித்து மதுவாகிவிட்டது, இனி ஒரு சொட்டும் வேண்டாம் என்றார். குடித்தது பிள்ளையை என்ன செய்திருக்கும் என்று கேட்டேன். இப்போது சொல்ல முடியாது, பிறந்து வளரும்போதுதான் தெரியும் என்றார். பிள்ளை துடித்தாலும் பயந்தேன், துடிக்காவிட்டாலும் பயந்தேன்.

உம்மாவிடம் சொன்னதும் அவர் எழுந்தார். சாடியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் கவிழ்த்தார். பிறகு பள்ளிவாசல் ஆலிமிடம் ஆள் விட்டுக் கேட்டார். அறியாமல் செய்தது குற்றமில்லை, தவ்பாச் செய்து மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. அதோடு உம்மாவின் முகம் பழையபடி ஆகிவிட்டது. அந்த நிம்மதியைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்குத் தீர்ப்பு கிடைத்துவிட்டது, எனக்கு யார் தருவது?

பெண்பிள்ளை பிறந்தது. எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னார்கள். நான் கண்ணையும் காதையும் தலையையும் தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. ஆனால் வளர வளர, எங்கள் தெரு ஒழுங்கையில் அவளோடொத்த பிள்ளைகளெல்லாம் வாய் ஓயாமல் கதைக்க, இவள் விரலை மட்டும் நீட்டினாள். அந்த ஒவ்வொரு நாளும் எனக்குச் சாடியின் சுள்ளென்ற வாசம் மூக்கில் ஏறும். கதைப்பாள், அவசரமென்ன என்று உம்மா சொல்லுவார். நான் எழுந்து போய்விடுவேன்.

ஒரு நாள் பகல், உம்மா அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். பிள்ளை வாசற்படியில் நின்று உம்மாவைப் பார்த்து, "மூத்தம்மா, தண்ணி தா" என்றாள். முழுசாக, தெளிவாக.

உம்மா மீன்சட்டியை வைத்துவிட்டு அப்படியே நிலத்தில் குந்தி விம்மி விம்மி அழுதார். எனக்கும் அழுகை முட்டியது, பழைய கோபமும் சேர்ந்து வந்தது.

"குத்தமில்லண்டு ஆலிம்சா சொன்னாரே. பிறகென்ன உம்மா?"

"அது எனக்குச் சொன்னது மகள். இந்தப் புள்ளைக்கு ஒண்டும் ஆகல்லண்டு அவரு சொன்னாரா? ஊத்தித் தந்தது இந்தக் கைதானே. அண்டைக்கிருந்து நான் பயந்துக்கிட்டுத்தான் இரிக்கன்."

ஒரே கூரையின் கீழ் இரண்டு பேரும் ஒரே பயத்தோடு கிடந்திருக்கிறோம், ஒருவருக்கொருவர் தெரியாமல். உம்மாவின் மீன் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்க இரண்டு பேருமே மறந்துபோனோம். அவள் இன்னும் உரக்கக் கேட்டாள்.