கேசட்டில் ஏறாத பேஸ் கிட்டார்

நேற்று மத்தியானம் எங்கள் பழைய மெல்லிசைக் குழுவின் பாடகர் வாட்ஸப்பில் ஒரு பாட்டு அனுப்பியிருந்தார். குற்றாலத்தில் சீசன் சமயம் நாங்கள் செய்த கச்சேரி. யாரோ மேடை ஓரத்தில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பிடித்த கேசட்டாம். அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மனைவியிடம் ஓடிப்போய்ப் போனை நீட்டினேன். முழுப் பாட்டையும் பொறுமையாகக் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. இதுல நீங்க எங்க இருக்கீய?"

நியாயமான கேள்வி. பாடகரின் இருமல் இருக்கிறது, சுண்டல் விற்பவரின் குரல் இருக்கிறது, அருவி இரைச்சல்கூட இருக்கிறது. என் பேஸ் கிட்டார் மட்டும் இல்லை. அந்தக் கனத்த சத்தம் அன்றைய சின்ன டேப் ரெக்கார்டருக்குப் பிடிபடவில்லை. ஹெட்போன் மாட்டியும் கேட்டுவிட்டேன். இத்தனை வருஷம் வாசித்ததற்கு இருக்கிற ஒரே சாட்சியில் ஆளையே காணோம் என்றால் எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

நேரில் மட்டும் என்ன வாழ்ந்ததாம்? விழாக்காரர் ஒருவர் மேடைக்கே ஏறி வந்து, "மிச்சம் ரெண்டு கம்பி அறுந்து போச்சாடே?" என்று விசாரித்தார். சாதா கிட்டாருக்குத்தான் ஆறு, இதற்கு நாலு கம்பிதான் என்று நான் விளக்குவதற்குள் அடுத்த பாட்டு வந்துவிட்டது. சாரலில் அந்த நாலும் துருப்பிடிக்காமலிருக்கத் தேங்காய் எண்ணெய் தடவுவேன். இன்றைக்கும் ஐந்தருவிப் பக்கம் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களைத் தாண்டிப் போனால் எனக்கு யூசுப் ஞாபகம்தான் வரும்.

யூசுப் எங்கள் டிரம்மர். எண்ணெய் வாடைக்கு மூக்கைச் சுளித்துக்கொண்டே என்னை ஒட்டி உட்காருவான். என் வாசிப்பைக் கேட்ட ஒரே மனிதன் அவன்தான். இந்தப் பாட்டில் சரணத்துக்கு முன்னால் எல்லோரும் நிறுத்திவிட, நாலு தட்டுக்கு நான் மட்டும் வாசிக்கிற இடம் ஒன்று உண்டு. அவன் எனக்கு வாங்கிக்கொடுத்த இடம். "இவனும் வாசிக்கான்னு நாலு பேருக்குத் தெரியட்டுமே அண்ணாச்சி" என்று பாடகரிடம் மல்லுக்கு நின்றான்.

பிறகு அவன் லாரி ஓட்டச் சவுதிக்குப் போனான். கீபோர்டிலேயே பேஸ் வாசிக்கிற வசதி வந்ததும் குழுவுக்கு நான் வேண்டாதவனானேன். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். யூசுப் லீவில் வரும்போதெல்லாம் கேட்பான்.

"கிட்டார் இருக்குல்லாலே? வித்துராத."

"பரண்ல இருக்குலே."

போன வருஷம் அங்கேயே மவுத்தாகிவிட்டான். அங்கேயே அடக்கமும் செய்துவிட்டார்கள். போய் நின்று அழ எனக்கு ஒரு இடமில்லை.

மனைவி வெங்காயத்துக்குத் திரும்பியதும் பாட்டை மறுபடி போட்டேன். சரணத்துக்கு முன்னால் எல்லோரும் நிறுத்துகிறார்கள். நாலு தட்டுக்கும் வெறும் அருவிச் சத்தம். ஆனால் அதற்குக் கொஞ்சம் முன்னால், டிரம்ஸ் பக்கத்திலிருந்து லேசாக ஒரு குரல்.

"போடுலே!"

கை தானாக எழுந்துவிட்டது. கிட்டாரை விற்று ஒன்பது வருஷம் ஆகிறது. அவனிடம் கடைசிவரை நான் சொல்லவே இல்லை.