மீதி வசனம்

காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைப்பதை நிறுத்தியது. அது எப்போது குரைக்கத் தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. நிறுத்தியபோதுதான் விழித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். வெளியே மகாவலியிலிருந்து எழுந்த பனி எங்கள் மேட்டுப் பாதைவரை வந்து நின்றது. கட்டுகஸ்தோட்டையில் ஆற்றைப் பார்த்து வீடு கட்டிக்கொண்டவர்களுக்கு இது பழகிய காட்சி. முதலில் பாலம் மறையும், பிறகு கடைத்தெரு, கடைசியில் எங்கள் வாசல் கேற்றும் மறைந்துவிடும். அன்று அந்தப் பனிக்குள்ளிருந்து மூன்று பேர் வந்தார்கள். கால்கள் தெரியவில்லை. இடுப்புக்கு மேலே மட்டும் மிதந்து வந்தார்கள். கேற்றைத் திறந்த பிறகுதான் முழு மனிதர்களானார்கள்.

ஒருவர் கொழும்பிலிருந்து வந்த அதிகாரி, சாதாரண உடுப்பில் இருந்தார். கூட ஒரு பெண் பொலிஸும், எனக்கு முகம் தெரிந்த உள்ளூர் கான்ஸ்டபிள் ஒருவரும். கான்ஸ்டபிள் என்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். "மன்னிக்கணும் முதலியார் மாத்தயா" என்றார் சிங்களத்தில்.

மாத்தயா என்றால் ஐயா, முதலியார் என்பது என் உத்தியோகத்தின் பெயர். கண்டியில் ஒரு நீதவான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருக்கிறேன். தமிழில் பேசுகிறவர்கள் சொல்வதைச் சிங்களத்தில் மன்றுக்கும், மன்று சொல்வதைத் தமிழில் அவர்களுக்கும் சொல்ல வேண்டும். இந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. கூண்டில் நிற்பவர் "நான்" என்றால் நாங்களும் "நான்" என்றே சொல்ல வேண்டும். "தான் திருடவில்லை என்று இவர் சொல்கிறார்" என்று சொல்லக் கூடாது. "நான் திருடவில்லை" என்றுதான் சொல்ல வேண்டும். இப்படி வயதில் பாதியை மற்றவர்களின் நானாக இருந்து கழித்துவிட்டேன். மாடு திருடியிருக்கிறேன். கசிப்புச் சாராயம் காய்ச்சியிருக்கிறேன். மச்சானைக் கத்தியால் கீறிவிட்டு, விளையாட்டுக்குச் செய்தேன் என்று சொல்லியிருக்கிறேன். மாலையில் வீட்டுக்குத் திரும்பும்போது குளக்கரை மரங்களிலிருந்து வௌவால்கள் கிளம்பும். பஸ் ஜன்னலில் அவற்றைப் பார்த்தபடி, இன்றைக்கு நான் உண்மையில் என்ன செய்தேன் என்று யோசிப்பேன். பல நாட்களில் ஒன்றும் நினைவுக்கு வராது.

இன்னொரு முறை, வசனத்துக்கு வசனம் சொல்வது. ஒரு வசனம் முடிந்த உடனேயே அதைச் சொல்லிவிட வேண்டும். சேர்த்து வைத்தால் கூட்டுவோம், குறைப்போம்.

மூன்றாவது ஒரு பழக்கமும் உண்டு. அது எந்தச் சட்டத்திலும் இல்லாதது, நானாக வைத்துக்கொண்டது. இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர், தமிழில் சொல்லட்டுமா சிங்களத்தில் சொல்லட்டுமா என்று தடுமாறினால், "எந்த மொழியில கனவு காண்றீங்க?" என்று கேட்பேன். அவர் சிரித்துவிட்டுச் சரியான மொழியைத் தேர்ந்துவிடுவார். இதை வீட்டிலும் சொல்லிப் பெருமையடித்திருக்கிறேன். மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

அந்த மகளைத் தேடித்தான் அவர்கள் வந்திருந்தார்கள்.

அதிகாரி சப்பாத்தோடு உள்ளே காலை வைத்தார். என் மனைவி முன்பள்ளி ஆசிரியை, பெரியவர்களோடும் நான்கு வயதுக்காரர்களோடு பேசுவது போலவே பேசுவாள். "சப்பாத்தைக் கழற்றிவிட்டு வரவேணும், இல்லையா?" என்றாள் சிங்களத்தில். அதிகாரி குனிந்தேவிட்டார். பிறகு தான் யார் என்பது நினைவுக்கு வந்து நிமிர்ந்தார். கான்ஸ்டபிள் மட்டும் வெறுங்காலுடன் வந்தார்.

மகள் எழுந்து வந்து கதிரையில் உட்கார்ந்தாள். பேராதனையில் படித்தவள், இங்கே ஒரு சிறிய மென்பொருள் கம்பெனியில் வேலை. ஓய்வு நேரத்தில் இணையத்தில் எந்தக் கம்பெனியின் பூட்டு சரியில்லை என்று தேடிப் பார்ப்பாள். கண்டுபிடித்தால் அவர்களுக்கே அறிவிப்பாள். மற்றப் பிள்ளைகள் குறுக்கெழுத்துப் போடுவது போல ஏதோ செய்கிறாள் என்றுதான் நான் எண்ணியிருந்தேன்.

அதிகாரி சொன்னதன் சுருக்கம் இதுதான். ஒரு தனியார் காவல் கம்பெனியின் கணினியிலிருந்து அதன் காவலாளிகளின் வீட்டு முகவரிகளும் எந்த நேரத்தில் எந்த வாசலில் யார் நிற்பார் என்ற விபரமும் திருடப்பட்டிருக்கின்றன. தாக்குதல் ஒன்றுக்குத் திட்டமிட்டதாகப் பிடிபட்ட இரண்டு பேரின் கையில் அதே விபரம் இருந்திருக்கிறது. அந்தக் கணினிக்குள் நுழைந்தவர்களின் தடங்களில் ஒன்று எங்கள் வீட்டு இணைப்புக்கு வந்து முடிகிறது.

"பயங்கரவாதிகளுக்கு உதவிய குற்றச்சாட்டு" என்றார். அந்தச் சொற்களை மன்றில் எத்தனையோ தடவை இந்த மொழியிலிருந்து அந்த மொழிக்குக் கொண்டுபோயிருக்கிறேன். சொந்த வீட்டு விறாந்தையில் கேட்டபோது, யாருக்கோ சொல்ல வேண்டிய செய்தி என்று நினைத்து வாய் தன்னால் திறந்தது. எதிரே மகளைத் தவிர யாருமில்லை.

மகளுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. பஸ்ஸில் சண்டை போடுவதும் கூட்டாளிகளோடு சிரிப்பதும் அதில்தான். ஆனால் அதிகாரி "இதற்கு என்ன சொல்கிறீர்?" என்றபோது அவள் என்னைப் பார்த்தாள்.

"நான் தமிழ்ல சொல்றேன். அப்பா, நீங்க சொல்லுங்க அவருக்கு."

"அது லேசு தானே" என்றார் கான்ஸ்டபிள், உதவி செய்கிற நினைப்பில். "மாத்தயா வேலையே அதுதானே."

சட்டத்தரணி வரும்வரை ஒன்றும் சொல்லாதே என்று நான் அவளைத் தடுத்திருக்கலாம். எத்தனையோ பேருக்கு நீதிமன்ற வாசலில் அந்தப் புத்தியைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவள் முதுகை நேராக்கி, கைகளை மடியில் வைத்து, கூண்டில் நிற்பவர்கள் போல மூச்சை இழுத்தாள். அந்த மூச்சைக் கேட்டால் என் உடம்பு வேலைக்குத் தயாராகிவிடும். பழகிய குதிரை மாதிரி.

"நான்தான் எடுத்தேன்" என்றாள் மகள்.

"நான்தான் எடுத்தேன்" என்றேன் நான், சிங்களத்தில், தெளிவாக, மன்றில் சொல்லும் குரலில்.

அதிகாரி கையைத் தூக்கினார். "போதும்."

மகள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். அந்தக் கம்பெனியின் கதவு திறந்து கிடந்தது என்று அவர்களுக்கே காட்டத்தான் எடுத்தேன், காட்டினேன், வேறு யாருக்கும் கொடுக்கவில்லை என்றாள். நான் அதையும் சொன்னேன். ஆனால் அதிகாரி அதற்குள் எழுந்து தொலைபேசியை எடுத்து, "ஒப்புக்கொண்டுவிட்டாள்" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார். என் வார்த்தைகள் அவருடைய முதுகில் பட்டுக் கீழே விழுந்தன. பெண் பொலிஸ் மகளின் மடிக்கணினியைப் பையில் வைத்தார். மனைவி தேத்தண்ணித் தட்டோடு வந்து, யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் நின்றாள். பிறகு ஒரு கோப்பையை மகள் கையில் கொடுத்தாள். அவள் நின்றபடியே குடித்து முடிக்கும்வரை பெண் பொலிஸ் காத்திருந்தார். அந்தக் கனிவை நான் மறக்கவில்லை.

அவர்கள் போனபோது பனி இன்னும் இருந்தது. முதலில் மகளின் கால்கள் மறைந்தன, பிறகு இடுப்பு. கடைசியில் அவளுடைய கொண்டை மட்டும் கொஞ்ச தூரம் மிதந்து போயிற்று.

அதன் பிறகு வந்த நாட்கள் எனக்கு ஒழுங்காக நினைவில் இல்லை. அவளைக் கண்டியிலேயே வைத்து விசாரித்தார்கள். நான் காலையில் பஸ் ஏறுவேன், குளத்தைச் சுற்றி நடப்பேன், பொலிஸ் கட்டடத்துக்கு எதிரே நிற்பேன். ஒரு நாள் எப்படியோ பேராதனைச் சந்தியில் இறங்கி நின்றேன். ஏன் அங்கே வந்தேன் என்று தெரியவில்லை. ரயில் ஒன்று மெதுவாகக் கடந்து போயிற்று. அதன் ஒவ்வொரு ஜன்னலிலும் ஒருவர் என்னைப் பார்த்து வாயசைத்தார். சத்தம் வரவில்லை. நான் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினேன். தூங்கினால் கனவில் மன்று வந்தது. கூண்டு காலியாக இருக்கும். நான் மட்டும் "நான், நான்" என்று தொடங்குவேன். அதற்கு மேல் வசனம் வராது.

மனைவி என்னைத் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒரு தடவை மட்டும், சோறு போட்டுக்கொண்டே, "ஊரு கத எல்லாத்தையும் கடைசி வரைக்கும் சொன்னீங்க. நம்ம புள்ள கதயில பாதிதான் வந்திச்சு" என்றாள். பிறகு, "கறி போதுமா?" என்று கேட்டாள்.

மகளை நீதவான் முன் கொண்டுவந்தது நான் வேலை செய்யும் அதே மன்றுக்குத்தான். அன்று நான் விடுமுறை போட்டுவிட்டு, பார்வையாளர்கள் உட்காரும் வாங்கில் மனைவியோடு உட்கார்ந்தேன். என் இடம் எதிரே காலியாக இருந்தது. தகப்பன் மகளுக்கு மொழிபெயர்க்க முடியாது. இன்னொரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் இடமாற்றத்தில் போய் வெகுநாளாயிற்று. மாத்தளையிலிருந்து ஒருவரை வரச் சொல்லியிருந்தார்கள், ஆள் இன்னும் வந்து சேரவில்லை. காலையிலிருந்து மழை பெய்துகொண்டிருந்தது.

எங்கள் சட்டத்தரணி குனிந்து மெதுவாக நிலைமையைச் சொன்னார். பொலிஸ் அறிக்கையில் மகள் ஒப்புக்கொண்டதாக ஒரே ஒரு வசனம்தான் இருக்கிறது. இன்று மன்று கலைவதற்குள் அவள் பேசினால் அது வழக்கேட்டில் ஏறும். பேசாவிட்டால் அந்த ஒரு வசனத்தோடு அவளைக் கொழும்புக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அங்கே அவள் வாயைத் திறக்க எத்தனை மாதம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

"பிள்ளைக்குச் சிங்களம் நல்லா வருமாமே. அதிலேயே சொல்லச் சொல்லுங்கோ" என்றார்.

"நீங்களே கேட்டுப் பாருங்க" என்றேன்.

அவர் மகள் இருந்த பக்கம் போய்ப் பேசிவிட்டுத் திரும்பி வந்தார். முகத்தில் குழப்பம். "தமிழ்லதானாம். தான் எந்த மொழியில கனவு காண்றன் எண்டு அப்பாவைக் கேக்கட்டாம். என்ன இது?"

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "படிச்சுக் குடுத்தீங்க இல்ல? அனுபவிங்க."

மதிய இடைவேளை முடிந்தது. மழை கூரைத் தகரத்தில் ஒரே தாளத்தில் விழுந்தது. மன்றின் விளக்குகள் மங்கலாக எரிந்தன. எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பது போல இருந்தது. கறுப்புக் கோட்டுகள் மெதுவாக அசைந்தன. என்னோடு வருடக்கணக்காக மதியச் சோறு சாப்பிட்ட எழுதுவினைஞர் என் கண்ணைத் தவிர்த்து மின்விசிறியைப் பார்த்தார். கூண்டுக்குப் பக்கத்தில் மகள் நின்றாள். மெலிந்திருந்தாள். கொண்டை யாரோ போட்டுவிட்டது போலக் கோணலாக இருந்தது. மற்ற வழக்குகள் ஒவ்வொன்றாக முடிந்துகொண்டு வந்தன.

மனைவியும் நானும் வெளி விறாந்தைக்கு வந்து ரோட்டைப் பார்த்து நின்றோம். அப்போதுதான் படியில் ஒரு பெண் ஏறி வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். கறுப்பு அபாயா முழங்கால்வரை நனைந்து சேறாகி இருந்தது. குடை ஒரு பக்கம் மடங்கித் தொங்கியது.

"இதுதானே கோட்? மாத்தளையிலேர்ந்து வந்த முதலியார் நான்" என்றாள், மூச்சு வாங்கியபடி. "அக்குறணையில தண்ணி ரோட்டுக்கு ஏறிட்டு. பஸ் நிண்டுட்டு. பொறகு ஒரு லொறிக்காரர்ட காலைப் புடிச்சுத்தான் வந்த."

நான் உள்ளே கையைக் காட்டினேன். அதற்கு மேல் பேச எனக்கு உரிமையில்லை. மொழிபெயர்க்க வருகிறவரிடம் வழக்குக்காரர்களின் வீட்டார் ஒரு சொல்லும் பேசக் கூடாது. பேசிய பலரை நானே விரட்டியிருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மனைவிக்கு அந்தச் சட்டமெல்லாம் கிடையாது. கைப்பையிலிருந்து துண்டை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் திணித்தாள்.

"தொடச்சுக்கங்க தங்கச்சி. உள்ள நிக்கிறது எங்க மக. அவ என்ன சொல்லணுமோ அத அவளே சொல்லுவா. நீங்க ஒண்ணே ஒண்ணு செய்ங்க. அவ முழுசா சொல்லி முடிக்கிற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க. இந்த மனுசன் அவசரப்பட்டுத் தொறந்துதான் இந்தக் கோலம்."

அந்தப் பெண் துண்டை முகத்தில் வைத்தபடி என்னைப் பார்த்தாள். நான் யார் என்பது அவளுக்கு அப்போது விளங்கியிருக்க வேண்டும். "வசனத்துக்கு வசனம்தானே சொல்லணும்" என்றாள் தயங்கி. பிறகு துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மாட்டேன் என்றாளா, சரி என்றாளா என்று தெரியவில்லை.

நாங்கள் வாங்கில் உட்கார்ந்தபோது அவள் என் இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய உடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டி, நான் வழக்கமாகக் கால் வைக்கும் பலகையில் சிறு வட்டமாகத் தேங்கியது. நீதவான் குற்றச்சாட்டை வாசித்தார். அவள் அதைத் தமிழில் மகளுக்குச் சொன்னாள். ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டாள்.

மகள் மூச்சை இழுத்தாள். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. என் நாக்கு அசைந்தது. மனைவி என் முழங்கையைப் பிடித்தாள்.

"நான்தான் எடுத்தேன்."

மழை விழுந்துகொண்டே இருந்தது. அந்தப் பெண்ணின் உதடுகள் பிரிந்தன. பிறகு மூடிக்கொண்டன.

நீதவான் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "முதலியார்?"

அவள் கையைச் சற்று உயர்த்தினாள். "இன்னும் முடியவில்லை, சுவாமீனி" என்று நீதவானை விளித்துச் சிங்களத்தில் சொன்னாள். பிறகு மகளின் பக்கம் திரும்பி, நின்றுபோன பஸ் நகரக் காத்திருப்பவளைப் போலப் பொறுமையாக நின்றாள்.

மகள் சொல்லி முடித்தாள். அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் நீதவானை நோக்கித் திரும்பினாள். ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல், என் மகளாகவே நின்று, சிங்களத்தில் சொன்னாள்:

"நான்தான் எடுத்தேன். அவர்களுடைய கதவு திறந்து கிடந்தது என்று அவர்களுக்கே காட்டுவதற்காக எடுத்தேன். காட்டினேன். வேறு யாருக்கும் நான் கொடுக்கவில்லை."